படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நடந்தவர்கள்

பிரிஸ்பேனில் இருக்கும் என் மச்சினன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். விடுமுறைக்குக் குடும்பத்தோடு கேம்பிங் போன இடம். தரையில் மூன்று நீளமான பச்சைக் கான்வாஸ் மூட்டைகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே குறிப்பு: "அத்தான், இதுக்குப் பேரு ஸ்வாக். டென்ட்டே வேண்டாம். விரிச்சா படுக்கை, சுருட்டினா மூட்டை."

தங்கமணி படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "பாம்பு வராதா?" நான் பதில் அடித்தேன்: "மாப்ளே, இது எங்கப்பாவோட ஹோல்டால்டா!"

ஹோல்டால் தெரியாத தலைமுறைக்காக ஒரு வரி. முரட்டுக் கான்வாஸ் துணி, இரண்டு முனையிலும் பை, உள்ளே மெத்தை, தலையணை, போர்வை, இரண்டு வேட்டி, முடிந்தால் ஒரு சொம்பு. சுருட்டி இரண்டு தோல் வாரால் இழுத்துக் கட்டினால் போர்ட்டர் தலையில் ஏறிவிடும். பி.காம் முடித்து, வங்கித் தேர்வு எழுதி, முதல் போஸ்டிங்குக்கு மத்தியப் பிரதேசம் கிளம்பியபோது அப்பா தன்னுடைய ஹோல்டாலைத்தான் கட்டிக் கொடுத்தார். இன்று நாக்பூர் வீட்டுப் பரணில் அது கிடக்கிறது. இந்தியாவுக்குள் பத்து ஊர் மாறிய நம் குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒன்று கிடக்கும்.

விளையாட்டாகத்தான் ஸ்வாக் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் போனதும் வங்கிகள் வந்து நின்றன. அதனால்தான் இந்தப் பதிவு இவ்வளவு நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வார்த்தை. இங்கிலாந்தில் திருடர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட குழூஉக்குறியில் ஸ்வாக் என்றால் மூட்டை, குறிப்பாகத் திருடின மூட்டை. ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்று ஓர் ஆசாமி. திருட்டுக் குற்றத்துக்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர். அங்கே தண்டனைக் குடியிருப்பில் இருந்தபடி 1812-இல் திருடர் பாஷைக்கு ஓர் அகராதியே எழுதிவிட்டார். அதில் இந்த வார்த்தை இருக்கிறது. 1851-இல் தங்கம் கிடைத்ததும் ஊரெல்லாம் சுரங்கத்தை நோக்கி மூட்டையோடு நடந்தது. நடந்தவர்கள் முதுகில் இருந்த மூட்டைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. திருட்டு வாசனை போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் போலீஸ்காரர் மூக்குக்கு மட்டும் அது கடைசிவரை போகவில்லை.

மூட்டைக்குள் என்ன? மேலே ஒரு காடாத் துணி அல்லது கூடாரத் துணி. அதுவே உறை, மழை வந்தால் அதுவே கூரை. உள்ளே ஒன்றிரண்டு கம்பளி. பெரும்பாலும் நீல நிறம், அழுக்கு தெரியாது என்பதால். அதனால் ஸ்வாக்குக்கு 'புளூயி' என்றும் பெயர். நடுவில் மாற்றுச் சட்டை, ஊசி நூல், கடிதங்கள். சுருட்டி வாரால் கட்டி ஒரு தோள் வழியாக முதுகில் தொங்கவிடுவார்கள். எடை சமமாக இருக்க, மாவும் சர்க்கரையும் போட்ட பை மார்பில் தொங்கும். கையில் 'பில்லி', அதாவது கம்பிப் பிடி வைத்த தகரக் குவளை. தேநீருக்கும் அதுதான், சமையலுக்கும் அதுதான்.

படுக்கும் முறை ஒன்று உண்டு. வெறும் தரையில் ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பெலும்பு குத்தும். அதனால் முதலில் இடுப்பு வரும் இடத்தில் மண்ணைத் தோண்டி சின்னக் குழி ஆக்குவார்கள். கிடைத்தால் இலை தழை பரப்பி, அதன்மேல் காடாவை விரித்து, கம்பளிக்குள் புகுந்துகொள்வது. காலடியில் நெருப்பு. உள்நாட்டில் குளிர்காலத்து இரவு உறைநிலைக்குக் கீழேயும் போகும். கம்பளி வாங்க வழியில்லாதவர்கள் கோதுமைச் சாக்கையோ மாவுப் பையையோ பிரித்துத் தைத்துப் போர்த்திக்கொண்டார்கள். அதற்கு 'வாகா' என்று பெயர், வாகா வாகா என்ற கோதுமை ஊரின் பெயரால். (அட்டாரி வாகா இல்லை!)

சாப்பாடு, டாம்பர். மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து நெருப்புச் சாம்பலில் புதைத்துச் சுட்ட ரொட்டி. வடக்கே இருக்கும் நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பீகார் லிட்டிக்கும் ராஜஸ்தான் பாட்டிக்கும் சொந்தக்காரன். (நம்ம பாட்டி இல்லைங்க, தால்-பாட்டி.)

சரி, இவர்கள் ஏன் நடந்தார்கள்?

ஆஸ்திரேலியாவின் செல்வம் அன்று ஆட்டின் முதுகில் இருந்தது. உள்நாட்டுப் புல்வெளிகளை ஆயிரக்கணக்கான ஏக்கர் கணக்கில் சிலர் பிடித்து ஆடு வளர்த்தார்கள். அந்தப் பண்ணைகளுக்கு 'ஸ்டேஷன்' என்று பெயர், பிடித்தவர்களுக்கு 'ஸ்குவாட்டர்'. வார்த்தைக்கு நேர்ப் பொருள் ஆக்கிரமிப்பாளர்தான். அரசின் அனுமதி இல்லாமல் நிலத்தில் உட்கார்ந்தவர்களை அப்படித்தான் அழைத்தார்கள். பழங்குடி மக்களின் நிலம் அது என்பது தனிக் கதை. ஒரு தலைமுறைக்குள் ஸ்குவாட்டர் என்பது ஜமீன்தார் மாதிரி மரியாதைச் சொல்லாகிவிட்டது. ஒரு பிராந்தியத்தையே வளைத்துப் போட்டவர் கனவான். படுக்கையை மட்டும் வைத்திருந்தவன் நாடோடி.

ரோமம் கத்தரிப்பது பருவ வேலை. ஒரு ஸ்டேஷனில் சில வாரம், முடிந்ததும் அடுத்தது. நடுவில் வேலி போடுவது, கிணறு வெட்டுவது, மரம் வெட்டி நிலம் திருத்துவது. எல்லாம் கூலி, எல்லாம் தற்காலிகம், ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்ததற்கும் நடுவே நாள்கணக்கில் நடை. ஆகவே முதலாளிகளுக்கு ஒரு நடமாடும் கூட்டம் தேவையாக இருந்தது. வேண்டும்போது வர வேண்டும், வேண்டாதபோது செலவு வைக்கக்கூடாது. இடைப்பட்ட நாட்களில் உயிரோடு இருக்கட்டும் என்று நடந்து வருகிறவனுக்குக் கொஞ்சம் மாவு, தேயிலை, சர்க்கரை கொடுக்கும் வழக்கம் வந்தது. வேலையில் இருப்பவருக்கு வாரப் படி கணக்கு வாய்ப்பாடு மாதிரி: பத்து பவுண்டு மாவு, பத்து பவுண்டு இறைச்சி, இரண்டு பவுண்டு சர்க்கரை, கால் பவுண்டு தேயிலை. வருகிறவனுக்கு ஏதோ ஒரு குவளை மாவு.

வேலை செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து சரியாகச் சூரியன் மறையும் நேரத்தில் வந்து சேர்பவர்களும் உண்டு. அவர்களுக்கு 'சன்டவுனர்' என்று பட்டப்பெயர். சாயங்காலம் நாலு மணிக்குக் கேஷ் மூடும் நேரத்தில் சாக்கு மூட்டை நிறையச் சில்லறையோடு வரும் வாடிக்கையாளர் ஞாபகம் வந்தது. தொழில் புத்தி.

சட்டம் வேறு கணக்கு வைத்திருந்தது. நியூ சவுத் வேல்ஸில் 1835-இல் வந்த நாடோடித் தடைச் சட்டப்படி, கண்ணுக்குத் தெரியும்படியான, முறையான பிழைப்பு வழி இல்லாமல் இருப்பதே குற்றம். எதையும் திருட வேண்டியதில்லை, யாரையும் அடிக்க வேண்டியதில்லை. பிழைப்பு இல்லை என்றால் சிறை. இங்கிலாந்தின் 1824-ஆம் வருடச் சட்டத்தின் வாரிசு இது. நம் பக்கத்து உறவினரும் உண்டு. 1959-இல் வந்த பம்பாய் பிச்சை எடுத்தல் தடுப்புச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள், அதே வாடை அடிக்கும். டெல்லிக்கு அதை நீட்டித்த பகுதிகளில் முக்கியமானவற்றை 2018-இல் டெல்லி உயர்நீதிமன்றம் செல்லாது என்றது.

இனி என் துறைக்கு வருகிறேன்.

1880-களில் மெல்பர்னில் ரியல் எஸ்டேட் ஜுரம். நிலம் இன்று வாங்கினால் நாளை இரட்டிப்பு என்ற நம்பிக்கை. நம் ஊர்களில் பார்க்காத காட்சியா? பில்டிங் சொசைட்டிகளும் நில வங்கிகளும் முளைத்தன. பணம் எங்கிருந்து? பெரும்பகுதி பிரிட்டனிலிருந்து, அதிலும் ஸ்காட்லாந்துச் சேமிப்பாளர்களிடமிருந்து டெபாசிட்டாக. அங்கே கிடைக்காத வட்டி இங்கே. வங்கிகள் அதை வாங்கி, நிலத்தின் பேரிலும் ஆட்டுப் பண்ணையின் பேரிலும் கடன் கொடுத்தன. டெபாசிட் குறுகிய காலம், கடன் நீண்ட காலம். முதல் வருடப் பயிற்சியிலேயே எங்களுக்குச் சொல்லித்தரும் பாடம் இது. அன்று யாரும் கேட்கவில்லை.

1890-இல் லண்டனில் பேரிங் என்ற பெரிய வங்கி நிறுவனம் தள்ளாடியதும் பிரிட்டிஷ் பணம் வருவது குறைந்தது. ரோம விலையும் இறங்கிக்கொண்டிருந்தது. நில வங்கிகள் முதலில் விழுந்தன. 1893 ஜனவரி 30 அன்று ஃபெடரல் பாங்க் மூடியது. ஏப்ரல் தொடக்கத்தில் கமர்ஷியல் பாங்க் ஆஃப் ஆஸ்திரேலியா பணம் கொடுப்பதை நிறுத்தியது. அவ்வளவுதான், சீட்டுக்கட்டு. ஆறு ஏழு வாரத்துக்குள் பத்துக்கு மேற்பட்ட வணிக வங்கிகள் கதவடைத்தன.

விக்டோரியா அரசு மே 1 முதல் ஐந்து நாள் வங்கி விடுமுறை அறிவித்தது. வங்கி விடுமுறை என்றால் எனக்கே வாயெல்லாம் பல், ஆனால் இந்த விடுமுறை வேறு. மக்கள் பதற்றம் அடங்கட்டும் என்று அறிவித்தது, பதற்றத்தைப் பல மடங்காக்கியது. ஒரு சில வங்கிகள் மட்டும், விடுமுறையாவது ஒன்றாவது என்று கதவைத் திறந்து வைத்துப் பணம் கொடுத்தன. பாங்க் ஆஃப் ஆஸ்திரலேசியா, யூனியன் பாங்க் இரண்டும் அப்படித் திறந்திருந்தவை. அவை பிழைத்தன. அந்தக் கிளைகளில் அன்று கவுன்டரில் உட்கார்ந்திருந்த கேஷியர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

மத்திய வங்கி என்று ஒன்று அந்த நாட்டில் அன்று இல்லை. காமன்வெல்த் பாங்க் சட்டமே 1911-இல்தான் வந்தது. டெபாசிட் காப்பீடும் கிடையாது. (நம் நாட்டிலும் 1960-இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் பாங்க் விழுந்த பிறகுதான் அது வந்தது, 1962 ஜனவரியிலிருந்து. 2020 பிப்ரவரியில் வரம்பு ஐந்து லட்சமானது.) மூடிய வங்கிகள் பல 'மறுசீரமைப்பு' என்ற பெயரில் மறுபடி திறந்தன. எப்படி? வாடிக்கையாளரின் டெபாசிட்டை அவர் கேட்காமலேயே பல வருட ஃபிக்ஸட் டெபாசிட் ஆக்கிவிட்டார்கள், ஒரு பகுதியை ப்ரிஃபரன்ஸ் ஷேராக மாற்றினார்கள். நாளைக்கு வாடகை கொடுக்கப் பணம் எடுக்க வந்தவர் கையில் ஷேர் பத்திரம்.

இந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்து காட்டுப் பாதைக்கு ஒரு நேர்க்கோடு போகிறது. வங்கி ஓவர்டிராஃப்டைத் திருப்பிக் கேட்கிறது. ஸ்குவாட்டர் வேலி வேலையை நிறுத்துகிறார், கிணறு வெட்டுவதை நிறுத்துகிறார், கத்தரிப்புக் கூலியைக் குறைக்கிறார். நகரத்தில் கட்டட வேலை நின்றுபோகிறது. கொத்தனார், தச்சர், குமாஸ்தா எல்லாரும் கம்பளியைச் சுருட்டுகிறார்கள். சிலர் கப்பலேறி மேற்கே கூல்கார்டி தங்கச் சுரங்கத்துக்கு. மற்றவர்கள் உள்நாட்டுக்கு நடை. போதாதென்று 1895 வாக்கில் தொடங்கிய வறட்சி 1902 வரை இழுத்தது. 1890-களின் ஆரம்பத்தில் பத்து கோடிக்கு மேல் இருந்த ஆடுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துபோயின. கத்தரிக்க ஆடும் இல்லை.

கூலிப் போராட்டங்களும் இதே காலம்தான். 1891-இல் குயின்ஸ்லாந்தில் பார்கல்டின் என்ற ஊரில் கத்தரிப்பாளர்கள் முகாம் போட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு துப்பாக்கியோடு படையை அனுப்பியது, தலைவர்களைச் சதிக் குற்றத்தில் மூன்று வருடம் தீவுச் சிறைக்கு அனுப்பியது. 1894-இல் மறுபடி போராட்டம். அந்த செப்டம்பரில் டாக்வொர்த் என்ற ஸ்டேஷனின் கத்தரிப்புக் கொட்டகை எரிக்கப்பட்டது. அதே நாட்களில் சாமுவேல் ஹாஃப்மைஸ்டர் என்ற கத்தரிப்பாளர் துப்பாக்கிக் காயத்தோடு இறந்து கிடந்தார்.

அடுத்த வருடம், 1895-இல், சிட்னி வக்கீலும் கவிஞருமான பாஞ்சோ பேட்டர்சன் அதே டாக்வொர்த்துக்கு விருந்தாளியாக வந்தார். அங்கே கிறிஸ்டினா மக்பெர்சன் வாசித்த ஒரு மெட்டுக்கு அவர் எழுதியதுதான் 'வால்ட்ஸிங் மட்டில்டா'. மட்டில்டா என்றால் பெண் இல்லை, அதுவும் ஸ்வாக்தான். குளக்கரையில் படுத்த ஒருவன், ஓர் ஆட்டைப் பிடித்துப் பையில் போடுகிறான். ஸ்குவாட்டர் குதிரையில் வருகிறார், கூடவே மூன்று போலீஸ். அவன் தண்ணீரில் குதித்துச் செத்துப்போகிறான். கதை இவ்வளவுதான். ஆஸ்திரேலியா போன நம் பிள்ளைகள் பள்ளி விழாவில் கைதட்டிப் பாடும் பாட்டு, ஒரு ஆட்டுக்காக ஓர் உயிர் போன பாட்டு. 1977-இல் தேசியப் பாட்டு எது என்று வாக்கெடுப்பு வைத்தபோது நூற்றுக்கு 28 பேர் இதற்குப் போட்டார்கள். இரண்டாம் இடம்.

இந்தப் பாட்டை நாடெங்கும் கொண்டுபோனது யார் தெரியுமா? ஒரு தேயிலைக் கம்பெனி. அங்கேதான் நம் நாடு உள்ளே வருகிறது. ஜேம்ஸ் இங்லிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பீகாரில் அவுரித் தோட்டத் துரையாக இருந்தவர். 1877-இல் ஆஸ்திரேலியா போய், அரசியலில் இறங்கி மந்திரியும் ஆனார், இந்தியத் தேயிலை விற்கும் கம்பெனியும் தொடங்கினார். அவருடைய பிராண்டின் பெயர் 'பில்லி டீ'. 1903-இல் அந்தக் கம்பெனி பேட்டர்சனின் பாட்டை விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. மேரி கோவன் வரிகளைக் கொஞ்சம் மாற்றினார். பில்லி கொதிக்கும்வரை காத்திருப்பதுதான் கம்பெனிக்கு முக்கியம், ஆள் செத்தது இல்லை. இன்று எல்லோரும் பாடுவது பெரும்பாலும் அந்த வடிவம்.

ஆஸ்திரேலியர்கள் முதலில் குடித்தது சீனத் தேயிலை. அதன் இடத்தை இந்தக் காலத்தில்தான் இந்திய, இலங்கைத் தேயிலை பிடித்தது. இலங்கைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவர்கள் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மன்னார் வழியாக நடந்து போன நம் ஜனங்கள். அவர்கள் தலையிலும் ஒரு மூட்டை இருந்தது. அதைப் பற்றி விளம்பரப் பாட்டு யாரும் எழுதவில்லை.

ஸ்வாக்கை அனுபவித்து எழுதியவர் ஹென்றி லாசன். சிறு வயதிலிருந்தே காது சரியாகக் கேட்காது. 1892-இல் 'புல்லட்டின்' பத்திரிகை ஆசிரியர் ஆர்ச்சிபால்ட் அவர் கையில் ஐந்து பவுண்டும் பர்க் என்ற ஊருக்கு ரயில் டிக்கெட்டும் கொடுத்து, போய் உள்நாட்டைப் பார் என்று அனுப்பினார். லாசன் அங்கே பெயின்ட் அடித்தார், கத்தரிப்புக் கொட்டகையில் எடுபிடி வேலை செய்தார். பிறகு ஸ்வாக்கோடு நடுக்கோடையில் ஹங்கர்ஃபோர்ட் வரை 200 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, அதே வழியில் திரும்பியும் நடந்தார். பேட்டர்சன் காட்டில் வெளிச்சத்தைப் பார்த்தார், லாசன் ஈயையும் புழுதியையும் பார்த்தார். இருவருக்கும் பத்திரிகையிலேயே கவிதைச் சண்டை நடந்தது. என் ஓட்டு லாசனுக்கு. நடந்தவர் அவர்தானே.

ஆண்கள் மட்டும்தான் நடந்தார்களா? ஃபிரெடெரிக் மக்கபின் என்ற மெல்பர்ன் ஓவியர் 1889-இல் வரைந்த படத்தில் ஒருவன் நெருப்பருகே தனியாகக் குந்தியிருக்கிறான். 1896-இல் அவரே இன்னொன்று வரைந்தார். வேலை தேடி அலைவதை அங்கே 'வாலபி தடத்தில் போவது' என்பார்கள், அதுதான் படத்தின் பெயர். சிட்னி அரசுக் கலைக்கூடத்தில் இருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம். முன்னால் மரத்தடியில் ஒரு பெண் களைத்துச் சாய்ந்திருக்கிறாள், மடியில் குழந்தை தூங்குகிறது. பின்னால் கணவன் குனிந்து பில்லியைக் கொதிக்க வைக்கிறான். வங்கிகள் விழுந்து மூன்றே வருடம் ஆகியிருந்தது. படத்தைத் தங்கமணிக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "குழந்தைக்குப் பால் எங்க கிடைச்சிருக்கும்?" என்றாள்.

1930-களின் பெருமந்தத்தில் இந்தக் கதை மறுபடி. 1931 ஏப்ரலில் நியூ சவுத் வேல்ஸ் அரசு சேமிப்பு வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. அரசு வங்கியே! 1932-இல் தொழிற்சங்கத் தொழிலாளிகளில் நூற்றுக்கு முப்பது பேர் அளவில் வேலையில்லை. கிராமப்புறங்களில் வேலையில்லாத ஆண்களுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் ரேஷன் கூப்பன் கொடுத்தார்கள். ஆனால் ஒரே ஊரில் வாராவாரம் வாங்க முடியாது. இந்த வாரம் இங்கே என்றால் அடுத்த வாரம் வேறு ஊர். அரசின் நோக்கம் வேலையில்லாதவர்கள் ஓரிடத்தில் கூடக்கூடாது என்பது. ஆக, வேலை தேடி நடந்த காலம் போய், சோற்றுக்காக நடக்க வைத்த காலம். பலர் சரக்கு ரயிலில் திருட்டுத்தனமாக ஏறினார்கள்.

கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு கெய்ர்ன்ஸ் உதாரணம். வடக்கே வெயில் ஊர், குளிர்காலத்துக்கு நல்லது என்று நிறையப் பேர் வந்து ஊரின் கண்காட்சி மைதானத்தில் படுக்கை விரித்திருந்தார்கள். வருடாந்திரக் கண்காட்சி நெருங்கியது, இடத்தைக் காலி செய் என்றார்கள். வேறு இடம் இல்லாமல் போக மறுத்தார்கள். 1932 ஜூலை 17 அன்று போலீசும் ஊர்மக்களும் சேர்ந்தே தடியோடு உள்ளே புகுந்து அடித்துத் துரத்தினார்கள். ஊர்மக்கள் என்பதுதான் எனக்கு உறைத்தது. கடைக்காரர், குமாஸ்தா, நம்மைப் போன்றவர்கள்.

2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது வங்கிகள் திறந்திருந்தன. நாக்பூரில் கிளைக்குப் போகும் வழியில், ஹைதராபாத் பக்கமிருந்து வடக்கே நடந்துகொண்டிருந்தவர்களைத் தினமும் பார்த்தேன். தோளில் போர்வைச் சுருட்டு, கையில் பிளாஸ்டிக் பாட்டில், சில பேரின் இடுப்பில் குழந்தை. எங்கள் பகுதி ஆட்கள் சிலர் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். வேறு சிலர் தெருவின் வாயில் மூங்கில் கட்டி அடைத்தார்கள். இரண்டும் ஒரே தெருவில் நடந்தது.

1955-இல் டார்சி நைலண்ட் என்பவர் எழுதிய 'தி ஷிராலி' என்ற நாவலில், வேலை தேடி நடக்கும் ஒருவன் தன் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு அலைகிறான். ஷிராலி என்றாலும் ஸ்வாக், சுமை என்றும் பொருள். நாவல் வந்தபோதே அந்த வாழ்க்கை முடிந்துகொண்டிருந்தது. போருக்குப் பிறகு வேலை கிடைத்தது, மோட்டார் வண்டி வந்தது, நடந்து வருகிறவர்கள் குறைந்தார்கள்.

மாட்டுப் பண்ணைகளில் மட்டும் ஸ்வாக் தொடர்ந்தது. வடக்கே மாடு மேய்த்தவர்களில் பெரும்பாலோர் பழங்குடியினர். தங்கள் சொந்த மண்ணிலேயே கொஞ்சம் மாவு, தேயிலை, சர்க்கரைக்கு வேலை செய்தவர்கள், திறந்த வெளியில் கான்வாஸில் படுத்தவர்கள். 1966 ஆகஸ்ட் 23 அன்று வேவ் ஹில் பண்ணையிலிருந்து குரிஞ்ஜி மக்கள் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் வெளிநடப்புச் செய்தார்கள். கூலிப் போராட்டமாகத் தொடங்கி நிலம் கேட்கும் போராட்டமாக வளர்ந்து, 1975-இல் ஒரு பகுதி நிலம் குத்தகையாகத் திரும்பி வந்தது. பிரதமர் விட்லம் லிங்கியாரியின் கையில் மண்ணைக் கொட்டும் புகைப்படம் பிரபலம்.

இன்றைய ஸ்வாக் வேறு பிறவி. தடித்த கான்வாஸ், அடியில் தண்ணீர் இறங்காத ஷீட், உள்ளே ஃபோம் மெத்தை, கொசு வலை, ஜிப். தலைமாட்டில் வளைவுக் கம்பி வைத்த மாடல் சின்னக் கூடாரமே ஆகிவிடுகிறது. (பாம்பு? ஜிப்பை மூடினால் வராது என்று மச்சினன் உறுதி கொடுத்திருக்கிறான்.) புதிதாக வாங்கினால் முதலில் முழுக்க நனைத்து வெயிலில் காய வைக்க வேண்டுமாம், இரண்டு மூன்று தடவை. பருத்தி நூல் ஊறிப் பருத்து, தையல் ஊசி போட்ட ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். அப்பாவும் புது ஹோல்டாலை நனைத்துக் காயப்போட்டாரா என்று தெரிந்துகொள்ளப் போன் செய்தேன். "அதெல்லாம் மழையே பாத்துக்கும்டா" என்றார்.

ஒருவர் படுக்கும் ஸ்வாக்கே பத்து கிலோ பக்கம் வரும். சுருட்டினால் ஒரு பீப்பாய் அளவு. தோளில் போட்டு நடக்க முடியாது, வண்டியின் கேரியரில்தான் போகும். லாசனிடம் காட்டினால் இது என்ன மெத்தைக் கடையா என்று கேட்டிருப்பார்.

ஒரு வங்கிக்காரனாக இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1966-இல் ஆஸ்திரேலியா டாலருக்கு மாறியபோது வந்த பத்து டாலர் நோட்டின் பின்பக்கத்தில் ஹென்றி லாசன். 1993-இல் பிளாஸ்டிக் நோட்டு வந்தபோது அதே பத்து டாலரில் பாஞ்சோ பேட்டர்சன். ஸ்வாக்கைப் பாடிய இருவரும் மாறி மாறி நோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

இன்னொரு வகை ஸ்வாக்கும் இப்போது இருக்கிறது. மெல்பர்னில் தொடங்கிய ஒரு தொண்டு அமைப்பு, தெருவில் தூங்குபவர்களுக்காக முதுகுப்பையாக மடிகிற, மழை தாங்கும் படுக்கை ஒன்றைச் செய்து இலவசமாகக் கொடுக்கிறது. இதைத் தோளில் மாட்டி நடக்கலாம். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரவில் ஆஸ்திரேலியாவில் வீடில்லாதவர்கள் 1,22,494 பேர். அதில் தெருவிலும் கூடாரத்திலும் ஒப்பேற்றிய கூரைக்கடியிலும் படுத்திருந்தவர்கள் 7,600-க்கு மேல்.